அறுபத்தெட்டாம் ஏடு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பைனெக்கி நூலகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே 408 என்ற எண்ணில் வைக்கப்பட்டிருக்கும் கையெழுத்துப் புத்தகத்தில் 68-ஆம் ஏடு மடித்துக் கிடக்கும். கன்றுத் தோலில் செய்த ஏடு. கல்யாணப் பத்திரிகையைப் பிரிப்பதுபோலப் பிரித்தால் மூன்று பக்கமாக விரியும். முன்னும் பின்னும் சேர்த்து ஆறு பக்கம். எல்லாவற்றிலும் வட்டங்கள்: சூரிய முகம், நிலா முகம், சுற்றிலும் சிதறிய விண்மீன்கள், பல மீன்களின் பக்கத்தில் பெயர்போல ஏதோ ஒரு சொல்.

அவற்றில் ஒரு வட்டம் தனித்து நிற்கும். நடுவில் ரூபாய் நாணயம்போல ஒரு சிறு வளையம். அதை ஒரு கோடு பாதியாக்குகிறது. ஒரு பாதியை இன்னொரு கோடு மறுபடி பாதியாக்குகிறது. சுற்றிலும் அலை அலையாக ஒரு பட்டை. அங்கிருந்து வளைந்து வளைந்து கரங்கள் வெளியே போகின்றன, தீபாவளிச் சக்கரம் சுழலும்போது தீப்பொறி சிதறுகிற மாதிரி. கரங்களோடு சேர்ந்து எழுத்து வரிகளும் ஓடுகின்றன. அந்த எழுத்து உருண்டையானது, தெளிவானது, அடித்தல் திருத்தல் அநேகமாக இல்லாதது. எழுதியவருக்குக் கை தயங்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரியும்.

ஒரு சொல்கூட இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

வாய்னிச் சுவடி என்று உலகம் இதை அழைக்கிறது. போலந்துக்காரரான வில்ஃப்ரிட் வாய்னிச் என்ற பழம்புத்தக வியாபாரி 1912-ல் ரோம் நகருக்குப் பக்கத்தில் இயேசு சபையாரிடமிருந்து வாங்கினார். அதனால் அவர் பெயர். பள்ளி நோட்டுப் புத்தகம் அளவுதான்: உயரம் 23 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அகலம் 16. ஏறக்குறைய 240 பக்கம். முதலில் செடிகள், பிறகு இந்த வான வட்டங்கள், பிறகு பச்சைத் தண்ணீரில் குளிக்கும் பெண்கள், பிறகு மருந்துச் சாடிகளும் வேர்களும். சுமார் 38,000 சொற்கள்.

இவ்வளவு எழுத்து கையில் இருந்தும் படிக்க முடியாதபோது எல்லோருடைய கண்ணும் படத்தின் பக்கம் போவது இயல்பு. எழுத்து பேசாவிட்டால் படமாவது பேசுமே. அந்த நம்பிக்கையோடு 68-ஆம் ஏட்டைப் பார்த்தவர்களின் கதை, நியூஜெர்சியைச் சுற்றியே பெரும்பாலும் நடந்திருக்கிறது.

முதல் ஆள் நியூஜெர்சிக்கு ஆற்றின் அக்கரையில் இருந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ரோமெய்ன் நியூபோல்ட். 1921 ஏப்ரலில் அந்த ஊர் மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் அவர் எழுந்து, சுவடியைப் படித்துவிட்டதாக அறிவித்தார். எழுதியவர் 13-ஆம் நூற்றாண்டுத் துறவி ரோஜர் பேக்கன். சுழலும் கரங்கள் கொண்ட அந்த வட்டம் ஆண்ட்ரோமெடா நெபுலா. பேக்கன் அதைக் குழியாடியில் நத்தை வடிவ விண்மீனாகக் கண்டதாகவும், பெகாசஸ், ஆண்ட்ரோமெடா, காசியோபியா ஆகிய மூன்று கூட்டங்களுக்கும் நடுவில் அது இருப்பதாக எழுதியதாகவும் நியூபோல்ட் வாசித்துக் காட்டினார். கலிலியோவுக்கு முந்நூறு வருடம் முன்பே தொலைநோக்கி! பத்திரிகைகள் கொண்டாடின.

அவர் படித்த முறையைத்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் வெறும் போர்வை என்றார். ஒவ்வொரு எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதற்குள் மயிரிழைபோன்ற நுண்கோடுகள் தெரியும். அவை பழைய கிரேக்கச் சுருக்கெழுத்து. அவற்றை எடுத்து, மாற்றி, கலைத்து அடுக்கினால் லத்தீன் வரும். கலைத்து அடுக்குவதில் எந்த வரிசை சரியென்று எப்படித் தெரியும்? பொருள் வருகிற வரிசைதான் சரி. கேள்வியிலேயே விடையை வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் இது. ஆனால் நியூபோல்ட் ஏமாற்றுக்காரர் அல்ல. உண்மையாகவே நம்பினார். கண் வலிக்க வலிக்க உட்கார்ந்து பார்த்தார். 1926-ல் இறந்துபோனார், அவருடைய குறிப்புகளை நண்பர் ரோலண்ட் கென்ட் தொகுத்து 1928-ல் புத்தகமாக்கினார்.

அதைக் கவிழ்த்தவரும் அவருடைய நண்பர்தான். ஜான் மேன்லி சிகாகோ பல்கலைக்கழகத்தில் சாசர் கவிஞரைப் பாடம் நடத்தியவர், முதல் உலகப்போரில் ராணுவத்துக்காக ரகசியச் செய்திகளை உடைத்தவர். 1931-ல் அவர் எழுதிய கட்டுரை இரண்டு விஷயங்களைக் காட்டியது. நுண்கோடுகள் எனப்பட்டவை, கரடுமுரடான தோலின்மேல் பழைய மை காய்ந்து வெடித்த விரிசல்கள். கலைத்து அடுக்கும் முறையோ, எந்தப் பக்கத்திலிருந்தும் எந்த வாக்கியத்தையும் வரவழைத்துவிடும்.

வட்டத்தைப் பற்றிய எளிய மறுப்பு ஒன்றும் உண்டு. ஆண்ட்ரோமெடா நமக்கு ஏறக்குறைய பக்கவாட்டில் சாய்ந்து தெரிகிற மண்டலம். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் நீள்வட்டமாக ஒரு புகைத் திட்டுத்தான் தெரியும், சுருள் தெரியாது. சுருள் அமைப்பு வெளிப்பட்டது 1888-ல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த நீண்டநேரப் புகைப்படத்தில். 13-ஆம் நூற்றாண்டுத் துறவி அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனால் 1921-ல் படித்த மனிதர்கள் பலரும் சுருள் நெபுலாவின் புகைப்படத்தைப் பத்திரிகையில் பார்த்திருந்தார்கள். மனதில் இருந்த படமே ஏட்டில் தெரிந்தது.

அடுத்தவர் பிரின்ஸ்டனில் இருந்தார். உயர் ஆய்வுக் கழகம் என்றால் நமக்கு ஐன்ஸ்டைன் நினைவு வரும். அதே இடத்தில் 1935 முதல் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி வேலை பார்த்தார். ஹிட்லர் காலத்து ஜெர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த யூதர். பழைய ஓவியத்தில் ஒரு பழம், ஒரு நாய், ஒரு மெழுகுவத்தி ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்வதையே ஒரு துறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர். 1930-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் சுவடியை நேரில் புரட்டிப் பார்த்திருந்தார். 1954-ல் அமெரிக்க அரசின் தலைசிறந்த மறைமொழி நிபுணர் வில்லியம் ஃப்ரீட்மன் அவருக்குக் கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பினார்.

பனோஃப்ஸ்கி தந்த பதில் நிதானமானது. படங்களின் பாணியை வைத்துப் பார்த்தால் 1470 வாக்கில் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நாட்டுப்புறக் கை, அதனால் கொஞ்சம் பின்னாலும் இருக்கலாம். இத்தாலிய மறுமலர்ச்சியின் சாயல் எங்குமே இல்லை, ஆகவே 1510–1520-க்குப் பின்னால் போக மாட்டேன் என்றார். ரோஜர் பேக்கன் ஒரே வீச்சில் வெளியேறினார். எழுதியவர் யாராக இருக்கும் என்பதற்கும் ஓர் ஊகம் சொன்னார்: தான் ரகசியம் என்று நம்பிய அறிவை மகனுக்கோ வாரிசுக்கோ விட்டுப்போக நினைத்த ஒரு மருத்துவர், அல்லது போலி மருத்துவர்.

தமிழ் வாசகருக்கு இந்த ஊகம் புதிதாகப் படாது. சித்த மருத்துவச் சுவடிகளில் பரிபாஷை என்ற மறைமொழி உண்டு. ஒரு பச்சிலைக்கு நாலு பெயர், ஒரு பெயருக்கு நாலு பொருள். முப்பு என்றால் என்ன என்று இன்றைக்கும் வைத்தியர்கள் சண்டை போடுவார்கள். பாட்டு புரியும், சரக்கு எதுவென்று புரியாது. அப்பாவோ குருவோ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. ஆனால் அங்கேயும் எழுத்து தமிழ் எழுத்தாகவே இருக்கும். எழுத்தையே புதிதாகக் கண்டுபிடித்து 240 பக்கம் எழுதிய வைத்தியர் நம் பக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

1470 என்று அடித்துச் சொல்ல பனோஃப்ஸ்கி தயங்கியதற்கு ஒரு பூவும் காரணம். வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் ஹ்யூ ஓநீல் 1944-ல் ஒரு பக்கத்தில் சூரியகாந்தியையும் இன்னொன்றில் மிளகாயையும் கண்டுபிடித்திருந்தார். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கொலம்பஸ் போய்த் திரும்புவதற்கு முன்னால் ஐரோப்பாவில் யாரும் வரைந்திருக்க முடியாது. ஆகவே சுவடி 1493-க்குப் பிந்தியது. கேட்க அழகான வாதம். சங்கப் பாட்டில் மிளகாய் வந்தால் அந்தப் பாட்டு இடைச்செருகல் என்று நாமும் இப்படித்தான் சொல்வோம். கறி என்றால் அங்கே மிளகுதான், மிளகாய் போர்ச்சுக்கீசியரோடு வந்தது. ஆனால் சுவடியில் இருப்பது மிளகாய்தானா? பச்சையாக நீளமாக ஒரு காய். அவ்வளவுதான். ஓநீலுக்கு மிளகாய் தெரியும், அதனால் மிளகாய் தெரிந்தது. அந்தப் பூ இல்லாமல் இருந்திருந்தால் பிரின்ஸ்டன்காரர் உண்மைக்கு இன்னும் கிட்டத்தில் போயிருப்பார்.

ஃப்ரீட்மனின் கதை தனி. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானின் தூதரக மறைமொழியை உடைத்த குழுவின் தலைவர் அவர். 1944-ல் வாஷிங்டனில் தன்னுடன் வேலை பார்த்தவர்களை அலுவலக நேரத்துக்குப் பிறகு உட்கார வைத்து, சுவடியின் எழுத்துகளைத் துளை அட்டைகளில் ஏற்றத் தொடங்கினார். போர் முடிந்ததும் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 1946-ல் குழு கலைந்தது. 1962-ல் மறுபடி ஒரு முயற்சி. நியூஜெர்சியின் கேம்டனில் கிராமபோன் பெட்டியும் ரேடியோவும் செய்து வளர்ந்த ஆர்.சி.ஏ. நிறுவனம் அப்போது கணினியும் செய்துகொண்டிருந்தது. அதன் கணினியில் நேரம் கிடைத்தது. அடுத்த வருடமே அந்த ஏற்பாடும் நின்றுபோனது.

அந்த வருடங்களில் சுவடி யாரிடம் இருந்தது என்பது ஒரு வேடிக்கை. வாய்னிச் 1930-ல் இறந்தபின் அது அவர் மனைவி எத்தலிடம் வந்தது. எத்தல், ‘காட்ஃபிளை’ நாவலின் ஆசிரியர். அதைவிட, கணிதமேதை ஜார்ஜ் பூலின் மகள். எந்தக் கணினிக்குள்ளும் ஓடுகிற பூலியன் தர்க்கம் அவருடைய அப்பாவின் சொத்து. அந்தக் கணினிகளுக்கு வசப்படாத புத்தகம் மகளின் சொத்து. 1960-ல் எத்தல் இறந்த பிறகு, 1961-ல் புத்தக வியாபாரி ஹெச்.பி. கிராஸ் 24,500 டாலருக்கு வாங்கினார், 1,60,000 டாலர் விலை சொன்னார், யாரும் வாங்கவில்லை, 1969-ல் யேலுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்.

ஃப்ரீட்மன் முடிவாக என்ன நினைத்தார்? 1959-ல் ஒரு கல்வி இதழில், எழுத்துகளைக் கலைத்துப்போட்ட வாக்கியமாகத் தன் கருத்தை அச்சிட்டு, விடையை உறையிலிட்டு ஆசிரியரிடம் கொடுத்து வைத்தார். அவர் இறந்தபின் 1970-ல் அது வெளியானது: செயற்கையாக ஒரு பொதுமொழியை உருவாக்க எடுத்த ஆரம்பகால முயற்சி இது. நியூபோல்ட் கலைத்து அடுக்கியதை விமர்சித்தவர்களின் அணியில் நின்றவர், தன் கருத்தை மட்டும் கலைத்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் துளை அட்டை வேலை வீணாகவில்லை. அதன் அச்சுப் பிரதி வர்ஜீனியாவில் ஃப்ரீட்மனின் காகிதங்களுக்கு நடுவே கிடந்தது. அதைத் தேடி எடுத்து, இன்றைய கணினி படிக்கும்படி ஆக்கியதில் பங்குகொண்டவர் ஜிம் ரீட்ஸ். நியூஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தின் கணிதர். ஒரு மொழியில் ஓர் எழுத்து வந்தபின் அடுத்த எழுத்தை எவ்வளவு ஊகிக்க முடியும் என்பதை எண்ணால் அளக்கும் கலையை 1948-ல் உலகுக்குத் தந்த கிளாட் ஷானனும் பெல் ஆய்வகக்காரரே.

தமிழ் தெரிந்தவருக்கு அந்த அளவை விளக்குவது சுலபம். ஒரு சொல்லில் ‘ங்’ வந்துவிட்டால் அடுத்தது அநேகமாக ‘க’ வரிசைதான் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆச்சரியம் ஏறக்குறையப் பூஜ்யம். ‘க’ வந்தால் அடுத்தது எதுவும் வரலாம், ஆச்சரியம் அதிகம். எல்லா எழுத்துக்கும் இந்த ஆச்சரியத்தைச் சராசரி எடுத்தால் அந்த மொழியின் குணம் ஒரு எண்ணில் அடங்கும். யேல் பேராசிரியர் வில்லியம் பென்னட் 1976-ல் சுவடிக்கு இதைக் கணக்கிட்டார். ஐரோப்பிய மொழி எதிலும் காணாத அளவுக்குக் குறைவு. ஹவாய்த் தீவு மொழியின் பக்கம் போய் நின்றது. நாலு என்ற எண் வடிவில் ஒரு குறி வந்தால் அடுத்தது வட்டக்குறி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சில குறிகள் சொல்லின் தலையில் மட்டும் வரும், சில வாலில் மட்டும்.

மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று தொல்காப்பியம் தனியே எடுத்து விதி சொல்கிற விஷயம் இது. தொல்காப்பியர் கையில் இந்தச் சுவடி கிடைத்திருந்தால் பொருள் தெரியாமலேயே அதற்கு ஓர் எழுத்ததிகாரம் எழுதியிருப்பார். அமெரிக்கக் கடற்படையில் மறைமொழி வேலை பார்த்த பிரெஸ்காட் கரியர் 1976-ல் செய்ததும் அதுதான். எழுத்துகளின் நடத்தையை எண்ணி, சுவடியில் இரண்டு ‘வழக்குகள்’ இருக்கின்றன, ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் எழுதியிருக்கின்றன என்று காட்டினார். 2020-ல் லிசா ஃபேகன் டேவிஸ் கையெழுத்தை நுணுகி ஆராய்ந்து, எழுதியவர்கள் ஐந்து பேர் என்றார். தனியாக உட்கார்ந்து பிதற்றிய பைத்தியக்காரன் என்ற கதை அத்தோடு போனது. ஐந்து பேர் சேர்ந்து ஒரே எழுத்தைப் பழகி எழுதியிருக்கிறார்கள்.

ரீட்ஸ் வாய்னிச் சுவடியைத் திறக்கவில்லை. ஆனால் வேறொரு பூட்டைத் திறந்தார்; இந்தக் கதையிலேயே சுவையான இடம் அது. ஜெர்மன் மடாலயத் தலைவர் யோகன்னஸ் திரித்தேமியுஸ் 1500 வாக்கில் எழுதிய ‘ஸ்டெகனோகிராஃபியா’ என்ற நூலில் மூன்று பாகம். முதல் இரண்டும் மறைமொழி முறைகள் என்று 1606-ல் நூல் அச்சேறியபோதே தெரிந்துவிட்டது. மூன்றாம் பாகத்தில் கிரகங்களின் பெயர், தேவதைகளின் பெயர், பக்கம் பக்கமாக எண் அட்டவணைகள். தேவதைகளை ஏவிச் செய்தி அனுப்பும் மந்திர நூல் என்று நம்பினார்கள். திருச்சபை தடைசெய்த நூல்களின் பட்டியலில் அது ஏறியது. நூறு, இருநூறு, நானூறு வருடம் அந்த எண்களை ஜோதிடமாகவே பார்த்தார்கள். ஜோதிடம்போல் இருந்ததால் அது ஜோதிடம், அவ்வளவே.

நியூஜெர்சியில் தன் மேசையில் உட்கார்ந்து ரீட்ஸ் அந்த எண்களை வெறும் எண்களாகப் பார்த்தார். 25-ஆல் வகுத்து மீதி எடுத்தால், எழுத்து வரிசை தலைகீழாக ஒத்து வந்தது. 1998-ல் விடையை வெளியிட்டார். தாமஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர் அதற்கு இரண்டு வருடம் முன்பே அதே விடையைக் கண்டு, ஜெர்மனில் எழுதி, கவனிப்பார் இல்லாமல் இருந்ததும் பிறகே தெரிய வந்தது. தேவதைகள் என்ன சொன்னார்கள்? எல்லா எழுத்தும் வரும்படி கட்டிய ஒரு லத்தீன் பயிற்சி வாக்கியம். ஒரு சங்கீதத்தின் தொடக்கம். ‘இந்தக் கடிதம் கொண்டுவருபவன் திருடன், ஜாக்கிரதை’ என்ற பொருளில் ஜெர்மனில் ஓர் எச்சரிக்கை.

வாய்னிச் சுவடிக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. பதிலாகக் கத்தி வந்தது. 2009-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கிரெக் ஹாட்ஜின்ஸ் நான்கு ஏடுகளின் ஓரத்திலிருந்து, வெட்டிய நகத்தைவிடச் சின்னதாகத் துணுக்கு எடுத்தார். 8, 26, 47, நான்காவது 68. கதிரியக்கக் கரிமக் கணக்கு 1404-க்கும் 1438-க்கும் இடையில் வந்தது. கன்று செத்த காலம் அது. தோலைப் பதப்படுத்தி ரொம்ப நாள் சும்மா வைத்திருக்கும் வழக்கமில்லை. சூரியகாந்தி உதிர்ந்தது, மிளகாயும் கூடவே. ரோஜர் பேக்கனுக்கும் இதற்கும் நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. பனோஃப்ஸ்கியின் கண் மட்டும் அரை நூற்றாண்டுக்குள் நின்றது.

காலம் உறுதியானதும், வட்டத்தைப் பார்க்கும் விதமும் மாறியது. இது எதைக் காட்டுகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, 1400-களின் தொடக்கத்தில் வேறு யார் இப்படி வரைந்தார்கள் என்று தேடினார்கள். பாரீஸ் தேசிய நூலகத்தில் ஒரு படம் கிடைத்தது. நிக்கோல் ஒரேம் எழுதிய வான சாஸ்திர நூலின் 15-ஆம் நூற்றாண்டுப் படி. அதிலும் ஒரு வட்டம்: நடுவில் பூமி, மூன்றாகப் பிரிந்தது, சுற்றி அலைப்பட்டை, விண்மீன்கள். அந்தக் காலத்து ஐரோப்பியப் படங்களில் பூமி என்றால் ஆசியா பாதி, ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஆளுக்குக் கால். பிறகு 68-ஆம் ஏட்டைப் பார்த்தால், நாணயத்தைப் பிரித்த அந்த இரண்டு கோடும் சட்டென்று விளங்கும். அலைப்பட்டை என்பது மேகம். மண்ணுலகையும் விண்ணுலகையும் பிரித்துக் காட்ட ஓவியர்கள் வழக்கமாகப் போட்ட வேலி. ஆண்ட்ரோமெடாவின் மையம் என்று நியூபோல்ட் பார்த்த இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்த பூமிதான் இருந்தது.

ராசி வட்டங்களிலும் இதே வேலை நடந்தது. மீனத்தில் தொடங்கும் வரிசை; ஒவ்வொரு ராசியைச் சுற்றியும் பெரும்பாலும் முப்பது பெண்கள், கையில் ஆளுக்கொரு விண்மீன். ஒரு ராசிக்கு முப்பது பாகை என்ற கணக்கு நம் பஞ்சாங்கத்திலும் உண்டு. மகரமும் கும்பமும் இருந்த ஏடு தொலைந்துபோனது. தனுசு ராசியில் வழக்கமாகப் பாதிக் குதிரை பாதி மனிதன் வில்லை வளைப்பான். இங்கே தொப்பி போட்ட முழு மனிதன் விசைவில்லைப் பிடித்து நிற்கிறான். அந்த விசைவில் ஆசாமிக்கு அதே நூற்றாண்டு ஜெர்மன் மொழிப் பிரதேசச் சுவடிகளில் உறவினர்கள் இருக்கிறார்கள். இந்தச் சின்ன மனிதன், ஏலியன் முதல் அட்லாண்டிஸ் வரை சொன்னவர்களைவிட உபயோகமான தகவல் தந்திருக்கிறான்.

68-ஆம் ஏட்டிலேயே இன்னொரு பக்கம் ஒரு கொத்து விண்மீனைக் காட்டுகிறது. ஏழு புள்ளி. நிலா முகத்திலிருந்து ஒரு வளைகோடு அதைத் தொடுகிறது. பிரிட்டனின் பெட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக மொழியியலாளர் ஸ்டீஃபன் பாக்ஸ் 2014-ல் அது கார்த்திகைக் கூட்டம் என்றும், பக்கத்தில் இருக்கும் சொல் ரிஷப ராசியின் பெயர் என்றும் கொண்டு, இன்னும் சில செடிப் பெயர்களோடு சேர்த்துப் பத்துச் சொல் படித்ததாகச் சொன்னார். கூட்டம் கார்த்திகைதான் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வார்கள். சொல்லை ஒப்புக்கொண்டவர் குறைவு. கிரேக்கர்களுக்கு அந்தக் கூட்டம் ஏழு சகோதரிகள். நமக்கு முருகனை வளர்த்த ஆறு பெண்கள், சங்கப் புலவர்களின் அறுமீன். ஒரே வானம். தமிழ்க்கை வரைந்திருந்தால் ஒரு புள்ளி குறைந்திருக்கும்.

அறுமீன் என்றவுடன் வேறொரு படிக்கப்படாத எழுத்து நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. சிந்துவெளி முத்திரைகளில் ஆறு கோடும் ஒரு மீனும் சேர்ந்து வரும் இடத்தை, அஸ்கோ பர்ப்போலா அறுமீன் என்று திராவிட மொழியில் வாசித்தார். மீன் என்ற ஒரே சொல் நீந்துவதற்கும் மின்னுவதற்கும் பொருந்துவது தமிழின் அதிர்ஷ்டம். ஐராவதம் மகாதேவன் அந்தக் குறிகளைக் கணினியில் ஏற்றி 1977-ல் தொகுத்தது, ஃப்ரீட்மனின் துளை அட்டைக்குச் சகோதரமான உழைப்பு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வரலாற்றாய்வாளர் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்சல் ஆகிய இருவரோடு சேர்ந்து 2004-ல் அது எழுத்தே இல்லை, வெறும் சின்னங்கள் என்று எழுதினார்; ஐம்பது குறி கொண்ட கல்வெட்டு ஒன்றைக் காட்டுபவருக்குப் பத்தாயிரம் டாலர் என்றார். 2025 ஜனவரியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சிந்துவெளி எழுத்தைப் படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் அறிவித்தார். சிந்துவெளியின் சிக்கல் எழுத்துப் பஞ்சம். ஒரு முத்திரைக்குச் சராசரி ஐந்து குறி. வாய்னிச்சில் பஞ்சமே இல்லை. இரண்டும் பூட்டியே கிடக்கின்றன.

வட்டத்துக்குள் எழுதிய எழுத்தைப் பற்றித் தமிழ் மரபுக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. சித்திரகவியில் சக்கரபந்தம் என்று ஒன்று. ஆரக்கால்களில் எழுத்தை இட்டு, குறட்டில் பொது எழுத்தை வைத்து, சூட்டில் சுற்றி வாசித்தால் செய்யுள் வரும். எங்கே தொடங்குவது, எந்தக் கால் வழியே இறங்குவது, எந்த எழுத்தை இரண்டு முறை கொள்வது என்பதற்கெல்லாம் விதி உண்டு. விதி தெரியாதவருக்கு நல்ல தமிழே அங்கே பிதற்றலாகத் தெரியும். 68-ஆம் ஏட்டின் வெளிவளையத்து வரி எங்கே தொடங்குகிறது என்று சுவடியைப் பெயர்த்து எழுதியவர்கள் பட்ட பாடு, சக்கரபந்தத்தை முதன்முதலில் பார்க்கும் மாணவர் படும் பாடுதான்.

ஆள் ஆளுக்குப் படித்துக்காட்டுவது நிற்கவில்லை. 2013-ல் மெக்சிகோவின் ஒரு மொழி, 2018-ல் கனடாவிலிருந்து ஹீப்ரு, 2019-ல் பிரிஸ்டலிலிருந்து ஒரு பழைய ரொமான்ஸ் மொழி. வருடம் ஒன்று தவறினாலும் அடுத்த வருடம் வட்டியோடு இரண்டு வரும். இன்னும் யாரும் பழந்தமிழ் என்று சொல்லி ஒரு காணொலி போடாமல் இருந்தால் அதுதான் வியப்பு.

நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை ரயில் மாறி நியூ ஹேவன் போனால் பைனெக்கியின் பளிங்குச் சுவர்களைப் பார்க்கலாம். ஜன்னல் இல்லாத கட்டடம், வெயில் பளிங்கினூடே தேன் நிறத்தில் கசிந்து உள்ளே வரும். சுவடியை அப்படிப் பார்க்க முடியாது. அது பெட்டகத்தில். ஆனால் எல்லா ஏடும் உயர்தரப் படமாக வலையில் இலவசமாகக் கிடக்கிறது. 68-ஐப் பெரிதாக்கினால் தோலின் மயிர்க்கண்கள் தெரியும், மை காய்ந்து வெடித்த விரிசலும் தெரியும். நியூபோல்ட் கண் நோகப் பார்த்த அதே விரிசல்.

2014-ல் பத்துப் பக்கங்களைப் பல்வேறு ஒளி அலைகளில் படம்பிடித்தார்கள். அந்தப் படங்களை டேவிஸ் 2024-ல் வெளியிட்டார். முதல் ஏட்டின் ஓரத்தில், வெறும் கண்ணுக்கு அழிந்துபோன இடத்தில் மூன்று பத்தி எழுத்துகள் எழும்பி வந்தன. ஒன்றில் லத்தீன் அகர வரிசை, பக்கத்தில் சுவடியின் குறிகள், அதற்கும் பக்கத்தில் மறுபடி லத்தீன், ஓர் எழுத்துத் தள்ளி. 17-ஆம் நூற்றாண்டு பிராகில் சுவடியை வைத்திருந்த மருத்துவர் மார்ச்சி போட்ட கணக்கு என்று கையெழுத்து சொல்கிறது. இந்தக் குறிக்கு இந்த எழுத்தாக இருக்குமோ என்று வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். எதுவும் வரவில்லை. 1665-ல், தன் கடைசிக் காலத்தில், புத்தகத்தை மூட்டை கட்டி, நீராவது படித்துச் சொல்லும் என்று ரோமில் இருந்த நண்பர் கிர்ச்சருக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பிவிட்டார்.